தம்பியைத் தேடுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற அடுத்த வருடம், மகளுக்குப் பிரசவம் என்று நியூஜெர்சிக்குப் போய் ஆறு மாதம் தங்க வேண்டி வந்தது. பேத்தி தூங்கும் நேரத்தில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வெளியே முழங்கால் அளவு பனி. தெருமுனையில் ஒரு பொது நூலகம் இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் பயணிகள் பட்டியலை அங்கே கணினியில் இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒரு நாள் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. வட அமெரிக்காவில் குடியேறிப் பெயர் வாங்கியவர்கள் உண்மையில் எப்படி வந்து இறங்கினார்கள், எங்கே குடியிருந்தார்கள், யாரோடு பிழைத்தார்கள் என்று காகிதங்களில் தேடுவது.

ஆரம்பத்தில் எல்லாரையும் போலப் பெரிய பெயர்களைத்தான் தேடினேன். ஐன்ஸ்டீன் 1936 ஜனவரியில் குடியுரிமைக்கு விருப்பம் தெரிவித்துக் கொடுத்த படிவம் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டு விண்ணப்பம் போன்ற ஒரு தாள். உயரம் 5 அடி 7 அங்குலம், தலைமுடி நரை, தொழில் பேராசிரியர். பிரபஞ்சத்தையே அளந்தவரை ஒரு எழுத்தர் அங்குலக் கணக்கில் அளந்து எழுதியிருக்கிறார். பார்க்க வேடிக்கையாக இருந்ததே தவிர, புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தபோதுதான் சுவை கூடியது. 1940 அக்டோபர் 1 அன்று டிரென்டன் நகர நீதிமன்றத்தில் அவர் உறுதிமொழி எடுத்தபோது கூடவே எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் இரண்டாம் மனைவியின் மகள் மார்கோட், மற்றவர் செயலாளர் ஹெலன் டூகாஸ். மனைவி எல்சா அதற்கு நாலு வருடம் முன்பே காலமாகிவிட்டார். அந்த வீடு எப்படி நடந்தது என்பது இந்த மூன்று பெயர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

தேடுகிற ஆளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் அகப்பட மாட்டார், பக்கத்தில் நிற்பவரைப் பிடிக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. எனக்கு முன்பே இதை நிரூபித்துக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்த வாசல் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். 1892 ஜனவரி முதல் தேதி, திறப்பு நாளன்று, முதலில் காலடி வைத்தவள் அன்னி மூர் என்ற ஐரிஷ் பெண். நெவாடா என்ற கப்பலில் அயர்லாந்திலிருந்து வந்தாள். கூட ஆன்டனி, பிலிப் என்று இரண்டு தம்பிகள். அதிகாரி அவள் கையில் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார். பதினைந்து வயதுச் சிறுமி என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவளுக்கு வயது 17. அப்பாவும் அம்மாவும் முன்பே வந்து மன்ஹாட்டனில் மன்றோ தெருவில் குடியிருந்தார்கள்.

பிறகு அவள் என்ன ஆனாள்? பல வருடம் சொல்லப்பட்டு வந்த கதை இது. அன்னி மேற்கே டெக்சாஸ் போனாள். அயர்லாந்தின் பெரிய தலைவர் டேனியல் ஓகானலின் வம்சத்தில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1923-இல் ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு அருகில் டிராம் வண்டி மோதி இறந்தாள். சந்ததியார் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள், மரியாதை செய்யப்பட்டார்கள். எல்லிஸ் தீவில் அவளுக்குச் சிலை, அயர்லாந்தில் அவள் கப்பல் ஏறிய துறைமுகத்திலும் சிலை. எல்லாருக்கும் பிடித்த கதை, அதனால் யாரும் நோண்டிப் பார்க்கவில்லை.

நோண்டியவர் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர். டெக்சாஸ் அன்னியைப் பற்றிய பழைய கணக்கெடுப்புத் தாள்களை எடுத்துப் பார்த்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இல்லினாய் என்று போட்டிருந்தது. இல்லினாய் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிற மாநிலம் ஆயிற்றே! அங்கே பிறந்தவள் எதற்குக் கப்பலில் வந்து இறங்க வேண்டும்? ஆள் வேறு, பெயர் மட்டும் ஒன்று.

அப்படியானால் அசல் அன்னி எங்கே? அன்னி மூர் என்ற பெயர் நியூயார்க்கில் நம் ஊர்ப் பக்கம் லட்சுமி மாதிரி, தெருவுக்கு நாலு பேர். கல்யாணமானால் பெயரின் பின்பாதியும் மாறிவிடும். 2006-இல் ஸ்மோலென்யாக் இணையத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார். சரியான ஆதாரம் கொண்டுவருபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு. சில வாரங்களில் முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்தது அன்னியின் காகிதம் அல்ல, தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம். நியூயார்க் நகர ஆவணத் துறையின் தலைவராக அப்போது இருந்தவர் அதைக் கண்டெடுத்தார். தம்பி ஆண் அல்லவா, அவன் பெயர் மாறவில்லை. அவன் வழியாகக் குடும்பம், குடும்பத்தின் வழியாக அக்கா.

அந்த அக்கா டெக்சாஸ் பக்கமே போகவில்லை. கீழ் மன்ஹாட்டனில், வந்து இறங்கிய இடத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே வாழ்ந்து முடித்துவிட்டாள். ஜெர்மன் குடும்பத்து ஜோசப் ஷேயரைக் கல்யாணம் செய்தாள். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அதில் பாதிப் பேர்கூட வளர்ந்து ஆளாகவில்லை. 1924-இல் ஐம்பது வயதில் இறந்தாள். குவீன்ஸ் பகுதியில் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் தன் குழந்தைகளோடு புதைக்கப்பட்டாள். மேலே ஒரு கல்கூடக் கிடையாது. 2008-இல்தான் கல் வைத்தார்கள். என்னைக் கேட்டால், டெக்சாஸ் கதை அத்தனை நாள் நின்றதற்குக் காரணம், இந்தக் கதையை யாருக்கும் கேட்கப் பிடித்திருக்காது என்பதுதான்.

போகிற போக்கில் ஒன்று. எல்லிஸ் தீவு அதிகாரிகள் வந்தவர்களின் பெயரை வாய்க்கு வந்தபடி மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அப்படி நடக்கவில்லை. பட்டியல் எழுதப்பட்டது புறப்பட்ட துறைமுகத்தில், கப்பல் கம்பெனி ஆட்களால். தீவில் இருந்தவர் அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிற்பாடு தாங்களாகவே, வேலைக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ மாற்றிக்கொண்டார்கள்.

தேடுகிறவனுக்கு முட்டுச்சந்துகளும் உண்டு. 1890-ஆம் வருடக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பாழாய்ப் போனது. 1880 கணக்கெடுப்புக்கும் 1900 கணக்கெடுப்புக்கும் இடையே உள்ள இருபது வருட இடைவெளியில் வந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இறந்தவர்கள் என்று ஏகப்பட்ட பேர் அப்படியே நழுவிவிட்டார்கள். மிச்சமிருப்பதையும் உடனே பார்க்க முடியாது. தனிநபர் விவரம் உள்ள தாள்களை அமெரிக்காவில் 72 வருடம் பூட்டி வைப்பார்கள், கனடாவில் 92 வருடம். கனடாவின் 1931 கணக்கெடுப்பு 2023-இல்தான் வெளியே வந்தது.

இதெல்லாம் அட்லாண்டிக் கரை. பசிபிக் கரையில் நிலைமை தலைகீழ். அங்கே காகிதம் குறைவில்லை, குவிந்து கிடக்கிறது. காரணம் அன்பு அல்ல, சந்தேகம். 1882 முதல் 1943 வரை சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது என்று சட்டம் இருந்தது. யாரை உள்ளே விடக்கூடாது என்று நினைத்தார்களோ அவர்களைப் பற்றித்தான் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்ற இடத்தில், 1910 முதல் 1940 வரை, வந்தவர்களை நாள்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலில் எத்தனை படி? ஊர்க்கிணறு எந்தத் திசை? மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? பிறகு ஏற்கனவே அமெரிக்காவில் இருக்கும் அப்பாவையும் அண்ணனையும் கூப்பிட்டு அதே கேள்விகள். பதில் பிசகினால் திரும்பக் கப்பல்.

ஒரு சிக்கல் சொல்கிறேன். 1906 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. நான் இங்கேதான் பிறந்தேன், எனக்கு ஊரில் நாலு மகன்கள் என்று சீனர்கள் பலர் சொன்னார்கள், மறுக்க ஆதாரம் இல்லை; இங்கே பிறந்த குடிமகனின் மகன் என்றால் உள்ளே விட்டாக வேண்டும். இல்லாத மகனின் இடத்தை விலை கொடுத்து வாங்கி வந்தவர்களுக்குக் காகித மகன்கள் என்று பெயர். கப்பலில் வரும்போதே படி எத்தனை, கிணறு எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டு, குறிப்பைக் கடலில் எறிந்துவிட்டு இறங்குவார்கள். ஆக, இன்றைக்கு ஆய்வாளர் கையில் கிடைக்கும் தடித்த கோப்பில் குடும்பத்தின் முழு விவரமும் இருக்கும். ஆனால் அது அந்த ஆளின் குடும்பமாக இருக்காது!

அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன்தான் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வாங் கிம் ஆர்க்குக்கும் அப்படிக் கோப்பு உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், குடியேறிய பெற்றோரின் பிள்ளை. நாடே அறிந்த வழக்கில் வென்ற பிறகும் அவர் வெளிநாடு போய்வர ஒவ்வொரு தடவையும் மனுப் போட வேண்டியிருந்தது. அவருடைய மூத்த மகன் என்று வந்தவரை, விசாரணையில் பதில்கள் ஒத்துப்போகவில்லை என்று உள்ளே விட மறுத்துவிட்டார்கள்.

இந்தியர்கள் பக்கம் வருகிறேன். பகத் சிங் திந்த் வழக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். 1918 டிசம்பரில் அமெரிக்க ராணுவச் சீருடையிலேயே குடியுரிமை வாங்கினார், நாலே நாளில் பிடுங்கினார்கள். மறுபடி வாங்கினார். 1923-இல் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் ஆக மாட்டார், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு யார் வீட்டையெல்லாம் இடித்தது என்று தேடப் போனபோதுதான் எனக்கு வைஷ்ணோ தாஸ் பகாய் கிடைத்தார். 1915-இல் மனைவி, மூன்று மகன்களோடு சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியவர். கடை வைத்தார், 1921-இல் குடியுரிமை பெற்றார். தீர்ப்புக்குப் பிறகு அது பறிபோனது, சொத்தும் கையை விட்டுப் போனது. ஊருக்குப் போய்வரப் பாஸ்போர்ட் கேட்டால் அதுவும் இல்லை என்றார்கள். 1928-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தில், தங்கக் கூண்டுக்குள் வாழ்வதில் என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார்.

அவரைத் தேடினால் கதை அங்கே முடிந்துவிடும். பக்கத்தில் நின்ற மனைவி கலா பகாயைத் தேடினால் இன்னும் 55 வருடம் நீளும். அவர் கரை இறங்கியபோதே ஒரு பத்திரிகை படத்தோடு செய்தி போட்டது. எதைப் பற்றித் தெரியுமா? வைர மூக்குத்தி. மூக்கில் வைரம் என்பது இந்தியாவிலிருந்து வந்த புது நாகரிகம் என்று தலைப்பு! அந்த மூக்குத்திச் செய்திதான் இன்றைக்கு ஆய்வாளர்களுக்கு அந்தக் குடும்பம் வந்து சேர்ந்ததற்குச் சாட்சி. ஒருமுறை பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போய் நின்றபோது, அக்கம்பக்கத்தார் பூட்டி வைத்துக்கொண்டு குடிவர விடவில்லை. கணவர் போன பிறகு மூன்று பையன்களையும் வளர்த்து ஆளாக்கி, 1983 வரை வாழ்ந்தார். குடும்பத்தார் பாதுகாத்த படங்களும் கடிதங்களும் தெற்காசிய அமெரிக்க எண்ம ஆவணக் காப்பகத்தில் சேர்ந்திருப்பதால் நாம் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. அதே பெர்க்லியில் இப்போது ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர்.

கடைசியாக நம்மவர் ஒருவர். மாநிலக் கல்லூரியில் படித்து, 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1953-இல் அமெரிக்கக் குடிமகனாகி, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். அமெரிக்க அட்டவணைகளில் அவர் குடும்பப் பெயர் சந்திரசேகர், முதல் பெயர் சுப்பிரமணியன். நமக்குத் தெரியும், சுப்பிரமணியன் அவருடைய அப்பா. சந்திரசேகர்தான் இவர் சொந்தப் பெயர், தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்தது. சித்தப்பா சர் சி. வி. ராமன். அந்த சி எழுத்து யார்? அதே தாத்தா சந்திரசேகரன்தான். சித்தப்பாவின் இனிஷியலும் அண்ணன் மகனின் பெயரும் ஒன்று! ராமன், சந்திரசேகர் என்று குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிற ஓர் அமெரிக்கருக்கு, நோபல் வாங்கிய இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை. நமக்கு அந்த ஒற்றை எழுத்து போதும்.

இதைச் சொல்லும்போது என் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. அதில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். என் மகளின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, என் பெயரை அதில் ஏற்றிவிட்டார்கள். நூறு வருடம் கழித்து யாராவது தமிழ்நாட்டில் என் பெயரில் ஒரு வம்சத்தையே தேடிக்கொண்டு அலைவார்கள். அதனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், குடும்பமாக எடுத்த புகைப்படத்தைத் திருப்பி, யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், யாருடைய பெயர் யாருடையது என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். பென்சிலால்தான் எழுதினேன். பேனா மை நாளடைவில் கசிந்து படத்தின் முகத்துக்கு வந்துவிடும் என்பது முப்பது வருட நூலகத்தில் கற்றது.

நன்றி, வணக்கம்.