ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நல்ல பிளக்

நேயர்களுக்கு வணக்கம். இன்று மின்சார ஷேர் ஆட்டோவைப் பற்றிப் பேசுவோம். ஆளுக்கொரு வண்டி வேண்டாம், மின்சார வண்டியை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்பதைப் பாரிஸ் நகரம் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2011 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஓட்டோலிப் என்று பெயர். தெருவோரம் நிற்கும் சின்ன மின்சாரக் காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போய், வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். உச்சத்தில் ஏறக்குறைய 4,000 கார்கள் ஓடின. 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். நஷ்டத்தை யார் சுமப்பது என்ற தகராறு ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குப் பாடம் வேறு இரண்டு. ஒன்று, காருக்குள் குப்பை. பொது வண்டிதானே என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இன்னொன்று, பேட்டரி. அந்த வகைப் பேட்டரி 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் சும்மா நிற்கும்போதும் பிளக்கில் மாட்டியபடியே மின்சாரம் தின்றுகொண்டிருக்கும்.

இப்போது சென்னை ஓ.எம்.ஆர். சாலையைப் பாருங்கள். பகிர்ந்து போவதை இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை காட்டுகிறோம், தள்ளி உட்காருகிறோம், போகிறோம். வண்டிக்கு ஓட்டுநர் இருக்கிறார், காலையில் துடைத்துப் பூ வைத்துத்தான் எடுக்கிறார். பாரிஸ் தடுக்கி விழுந்த இடத்தை நாம் எப்போதோ தாண்டிவிட்டோம். மாற வேண்டியது எஞ்சின் மட்டும்.

ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நிற்கும். எஞ்சின் உறுமிக்கொண்டே எரிபொருளைக் குடிக்கும். மின்மோட்டார் நின்றால் நின்றதுதான், பாரிஸ் கார்போல் நிற்கும்போது மின்சாரம் தின்னாது. அடிக்கடி வேகம் குறைக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும். நூறு கிலோமீட்டருக்குச் சார்ஜர் இழப்பையும் சேர்த்து எட்டு, ஒன்பது யூனிட் போதும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டிக்கு மூன்று, நான்கு லிட்டர் வேண்டும். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆனால் இந்த மின்சார ஆட்டோக்களில் ஓட்டுநர் தவிர மூன்று பேர்தான். ஆறு பேரை ஏற்றினால் மேம்பாலம் ஏறும்போது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். "பேட்டரி வண்டி இழுக்காது" என்ற பேச்சு பாதி இங்கேதான் பிறக்கிறது. மீதிப் பாதி காற்றிறங்கிய டயரில். வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள்.

இனி பிளக். எத்தனை முறை சொன்னாலும் தகும். வீட்டில் இருக்கும் 15 ஆம்ப் பாயின்ட் அயர்ன் பாக்ஸுக்குத் தாங்கும், ஏனென்றால் அது கால் மணி நேர வேலை. ஆட்டோ முழுதாகச் சார்ஜ் ஏற நான்கு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் விடாமல் மின்சாரம் பாயும். சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி, பிளக் பழுப்பாகி, உருகும். ஆகவே மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் அதற்கெனத் தனியாக, 30 மில்லி ஆம்ப் மின்கசிவிலேயே ட்ரிப் ஆகி இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

பகலில் சவாரி குறையும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சார்ஜ் போட்டால் பாதி பேட்டரி ஏறிவிடும், சாயங்கால ஓட்டத்துக்கு அது போதும். அந்த நேரத்தில் ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் பொதுக் கட்டமைப்பான கிரிட்டில் சூரிய மின்சாரமும் நிறைய இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் வண்டி வந்து நின்றதும் மாட்டாமல், நிழலில் அரை மணி ஆறவிட்டு மாட்டுங்கள். சூடான பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும்.

நேரம் நெருங்கிவிட்டது. பயணிகளுக்கு ஒன்று: ஸ்டாண்டில் பச்சை நம்பர் பிளேட் வண்டி, அதாவது மின்சார வண்டி, நின்றால் முதலில் அதில் ஏறுங்கள். அந்த ஓட்டுநர் அடுத்த வண்டியையும் மின்சாரத்திலேயே வாங்குவார். மழைக்காலத்துக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்டோவுக்குள் கால் வைக்கும் தளத்துக்கு மேல் வெள்ளம் ஏறியிருந்தால், வடிந்த பிறகும் சாவியைத் திருப்பாதீர்கள், சார்ஜரை மாட்டாதீர்கள். சர்வீஸ்காரர் பேட்டரியைச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை, வீட்டை ஒட்டி நிறுத்தாமல் வெளியில் தள்ளி நிறுத்துங்கள். வணக்கம்.