பெரிய பைப்பின் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலை அடிவாரத்தில் ஒரு ஷெட்டைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். காற்று மழையில் கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. உரிமையாளர் வெல்டரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வெல்டிங் ஓரிடத்திலும் விடவில்லை. சின்ன பைப் வந்து முட்டிய இடத்தில் பெரிய பைப்பின் முகம்தான் தகர டப்பா போல உள்ளே குழிந்திருந்தது. அந்த வெல்டர்மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்றுதான் இன்று பேச வந்தேன்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 மி.மீ. சதுர பைப்பின் நடுவில் 50 மி.மீ. சதுர பைப்பைச் செங்குத்தாகப் பற்றவைக்கிறோம். இரண்டுக்கும் சுவர் 3 மி.மீ.; எஃகு 310 ரகம், அதாவது சதுர மி.மீ.க்கு 310 நியூட்டன் விசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்குவது. இழுவையில் சின்ன பைப் மட்டும் சுமார் 17 டன் தாங்கும். இணைப்பு எவ்வளவு தாங்கும்? எஃகுக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 3-ன் சூத்திரத்தில் போட்டால் 2.2 டன்தான்! பெரிய பைப்பை ஏற்கெனவே வேறு சுமை நீளவாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தால் அதிலும் குறையும்.

காரணம், உள்ளே வெற்றிடம். சுமை முழுவதும் மெல்லிய முகத்தின் நடுவில் இறங்குகிறது, முகம் வளைகிறது. அந்தச் சுவரின் தடிமனை வர்க்கப்படுத்தினால் வரும் விகிதத்தில்தான் வலிமை கூடும். 4 மி.மீ. சுவர் என்றால் 3.9 டன். கடையில் 3 என்று சொன்ன பைப் 2.6 ஆக இருந்தால் கால் பங்கு வலிமை போச்சு. வாங்கும்போது வெர்னியரால் அளந்து பாருங்கள். பலரும் சின்ன பைப்பைக் கனமாகப் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் அதனால் ஒரு பயனும் இல்லை. சின்ன பைப்பின் அகலத்தைக் கூட்டுங்கள். 80 மி.மீ. பைப் வைத்தால் அதே 3 மி.மீ. சுவர் 4.8 டன் தாங்கும்.

உடைந்தால்தான் தோல்வி என்றில்லை. பெரிய பைப்பின் முகம் அதன் அகலத்தில் 3 சதவீதம், அதாவது இங்கே 3 மி.மீ. குழிந்தாலே இணைப்பு எல்லையைத் தொட்டுவிட்டதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

சரி, அதற்காக வெல்டிங்கில் அசட்டை வேண்டாம். 1980-ல் வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். குழாய்த் தாங்கியில் ஒரு கருவியைப் பொருத்தப் போட்ட 6 மி.மீ. வெல்டிங்கில்தான் விரிசல் தொடங்கியது. அலை ஆட்ட ஆட்ட அது வளர்ந்தது.

அடிவாரத்து ஷெட்டில் பெரிய பைப்பின் முகத்தில் 8 மி.மீ. தகட்டைச் சுற்றிலும் பற்றவைத்து, அதன் மேல் சின்ன பைப்பை உட்காரவைத்தோம். அதே வெல்டர்தான் செய்து கொடுத்தார்.