கூடம் கோணல் என்றால் யார் சொல்வது?

(மதுரையில் மேடை, ஒளி, ஒலி அமைப்புத் தொழிலாளர்களின் குடும்ப விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மூத்த ராஜபார்ட் ஐயா அவர்களே, குத்துவிளக்கேற்றிய மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே (அம்மாவுக்கு அடுத்து ஒரு காதுகுத்து வீடு இருக்கிறது, இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரிய மனசு), மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, பந்தல் காண்ட்ராக்டர் அண்ணன்களே, ஆர்மோனியம், மிருதங்க வித்வான்களே, தாய்மார்களே, இந்த மேடைக்கு மைக்செட் போட்டிருக்கும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவரை எந்த மேடையிலும் யாரும் விளிப்பதில்லை. அவர் நினைத்தால் இவ்வளவு நேரம் நான் சொன்ன எந்த 'அவர்களே'யும் உங்கள் காதுக்கு வந்திருக்காது.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ இந்தப் பழமொழியை நான் போகிற இடமெல்லாம் இழுப்பேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆடுகிறவரைக் கேலி செய்ய யாரோ சொல்லி வைத்தது. ஆனால் திரைக்குப் பின்னால் பிழைக்கிற எனக்கு ஒன்று தெரியும். பல ஊரில் கூடம் நிஜமாகவே கோணல்தான். ராத்திரி பத்து மணிக்குள் அதை நிமிர்த்திக் கொடுப்பதுதான் நம் தொழில்.

என்னை ஆளாக்கியவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று பேர். சீன் அண்ணன், லைட் வாத்தியார், மைக்செட் மாமா. மூவரைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டு, மேடைத் தொழிலில் கூலி எப்படி மாறி வந்தது என்பதையும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

சீன் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தது முடிச்சு. சவுக்குக் கம்பத்தில் கப்பி மாட்டி, தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று படுதாக்களை வரிசையாகச் சுருட்டித் தொங்கவிடுவார். “காத்துக்கு அவிழக் கூடாது, கைக்கு உடனே அவிழணும், அதுதாண்டா முடிச்சு” என்பார். பங்குனி, சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று வரும் பாருங்கள், அந்தக் காற்றில் விரித்த படுதா கம்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகும். நடிகர் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் வானத்தைப் பார்ப்பார். சரசரவென்று படுதாவை இறக்கிவிடுவார். விழாக் கமிட்டி சண்டைக்கு வரும். காற்று வந்த பிறகு தேங்காய் பழத்தோடு திரும்பி வரும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இதே மதுரையில்தான் பாலர் நாடக சபையைத் தொடங்கினார். அவர் எழுதிக்கொடுத்த வள்ளி திருமணத்தை வைத்துத்தான் இன்றைக்கும் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவர் படத்துக்கு மாலை போடாத நாடகக்காரர் கிடையாது, போடத்தான் வேண்டும். தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன ஆர்.எஸ். மனோகர் அவர்களைத் தெரியாத பெரியவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். சரி, அந்தத் தந்திரத்துக்குப் பின்னால் நின்று கயிறு இழுத்தவர் பெயர் யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்கள் பார்ப்போம். இதுதான் நம் நிலைமை.

அடுத்து லைட் வாத்தியார். இன்றைக்குத் தம்பிகள் ஒரு போர்டில் விரலை வைத்து நகர்த்தினால் மேடை இருட்டாகிறது, வெளிச்சமாகிறது. அவர் காலத்து டிம்மர் என்ன தெரியுமா? மண் குழாய். அதற்குள் உப்புத்தண்ணீர். அடியில் ஒரு உலோகத் தகடு, மேலே கயிற்றில் தொங்குகிற இன்னொரு தகடு. மேல் தகட்டை மெல்ல இறக்க இறக்க மேடையில் பொழுது விடியும். ஏற்றினால் அஸ்தமனம். கொஞ்ச நேரம் ஓடினால் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். தெரியாமல் கை வைத்தால் ஆள் காலி. அப்படிப்பட்ட வஸ்துவோடு குடித்தனம் நடத்தியவர் என்பதால் கரண்டு மேல் அவருக்கு மாமியார்மேல் இருக்கிற மரியாதை.

சிவகங்கைப் பக்கம் ஒரு ஊர். பங்குனித் திருவிழா, வள்ளி திருமணம். கோயில் சர்வீஸிலிருந்து கரண்டு எடுத்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் மைக் ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்தார், உடனே கையை உதறினார். “சுள்ளுங்குதுப்பா” என்றார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு சிரிக்கிறது.

“நாடகம் கிடையாது” என்றுவிட்டார்.

கூட்டம் ஆயிரம் பேருக்கு மேல். ஊர்ப் பெரியவர் வந்தார். “சாமி காரியம்யா, நேரத்துக்கு ஆரம்பிக்கலேன்னா தெய்வக் குத்தமாயிடும்” என்றார். “நாரதரைச் சாகக் கொடுத்தா மட்டும் குத்தம் ஆகாதாக்கும்?” என்று வாத்தியார் கேட்டார். இளவட்டங்கள் கொஞ்சம் ‘போட்டுவிட்டு’ வந்திருந்தார்கள், அடிக்கவே வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது பபூன். மைக் இல்லாமல் வெறும் தொண்டையில் மேடைக்கு வந்தார். “மகாஜனங்களே, நாரதர் வானத்திலேருந்து வரத் தயார். கரண்டு பூமிக்குள்ளே போக மாட்டேங்குது. ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து நடக்குது” என்றார். கூட்டம் உட்கார்ந்துவிட்டது.

வாத்தியார் மேடைக்கு அடியில் தவழ்ந்து போனார். பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒயர் நசுங்கி, தோல் உரிந்து கிடந்தது. அதை மாற்றினார். அதோடு விடவில்லை. கசிகிற கரண்டு பூமிக்குள் இறங்க எர்த் வேண்டும் என்று இரும்புக் கம்பியைத் தரையில் அடிக்கச் சொன்னார். எர்த் சரியா என்று பார்க்க, கரண்டு வரும் பேஸ் ஒயரிலிருந்து ஒரு 100 வாட் பல்பு வழியாக அந்தக் கம்பிக்கு ஒயர் கொடுத்தார். பல்புக்குள் இழை மட்டும் லேசாகச் சிவந்தது, எர்த் போதவில்லை. பங்குனி மண், காய்ந்து கிடக்கிறது. “உப்பும் தண்ணியும் கொண்டாங்க” என்றார். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊற்ற ஆரம்பித்தோம். டீக்கடைக்காரர் உப்புப் பொட்டலம் கொடுத்தார். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வள்ளி வேஷம் கட்டியிருந்த அம்மா, தினைப்புனம் காக்க வேண்டியவர், ஜிகினாப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு குடம் ஊற்றினார். “வள்ளி தண்ணி ஊத்துறா, தினை விளைஞ்சிரும்” என்று பபூன் அதையும் விடவில்லை. எல்லோரையும் விலக்கி நிறுத்திவிட்டு வாத்தியார் மறுபடியும் பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது. அந்த ராத்திரி முழுக்க நாரதர் பாடினார், வள்ளி தர்க்கம் செய்தார், முருகன் வேடனாக வந்தார், விருத்தனாக வந்தார். ஆனாலும் அதிகக் கைதட்டல் வாங்கியது அந்தப் பல்புதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்கு ஆர்மோனியக்காரர் ‘சுள்’ என்றதை யாராவது சாக்கு என்று சொல்லியிருந்தால்?

மைக்செட் மாமாவைப் பற்றிப் பேச வேண்டும். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டுகிற விதத்திலேயே எந்த ஊருக்கு எந்தப் பாட்டுக் கேட்கும் என்று சொல்லிவிடுவார். அவரைப் பற்றி நிறைய இருக்கிறது. செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். கூலி விஷயமும் அப்படியே நிற்கட்டும். நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்துபோனார்கள். நாடெல்லாம் அழுதது. ஆனால் ஒரு மைக்செட் பையன் மழை ஈரத்தில் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டுப் போய்விட்டால் பேப்பரில் இரண்டு வரி, அவ்வளவுதான். செயற்பொறியாளர் ஐயாவை வைத்துக்கொண்டே சொல்கிறேன், தவறு என்றால் திருத்தட்டும். இ.எல்.சி.பி. என்று ஒரு சாதனம் இருக்கிறது. கரண்டு வழி தவறி மனிதன் உடம்பில் இறங்கினால், 30 மில்லி ஆம்பியர் அளவுக்குள் கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஐயா தலையாட்டுகிறார். விலையைப் பார்த்தால் வாணவேடிக்கைச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. சாமி புறப்பாட்டுக்கு ஆயிரம்வாலாச் சரம் வாங்குகிற கமிட்டி இதற்கு ஏன் கணக்குப் பார்க்கிறது?

என் கோரிக்கை இதுதான். மேடை போட அனுமதி கேட்டு மனுக் கொடுக்கும்போதே எர்த் கம்பியும் இ.எல்.சி.பி.யும் இருக்கின்றன என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயர் நோட்டீஸில் ராஜபார்ட் பெயருக்குக் கீழேயே வர வேண்டும், ‘மற்றும் பலர்’ வரிசையில் அல்ல. ‘இன்றைக்கு நிகழ்ச்சி கிடையாது’ என்று அவர் சொன்னால் அமைச்சரே வந்திருந்தாலும் நிகழ்ச்சி கிடையாது. கூடம் கோணல் என்று சொல்வதற்கு நமக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை அடிக்க யாரும் வரக் கூடாது.

மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் மனுவின் நகல் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டார்கள், நன்றி. அசல் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்கிறேன், சீன் அண்ணன் முடிச்சு, லேசில் எடுத்துப் போக முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். முதல் பந்தி தொழிலாளர் குடும்பங்களுக்கு. விருந்தினர்கள் அடுத்த பந்தியில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதற்கும் சேர்த்து நன்றி. வணக்கம்.