வத்துற ஏரில என்ன பார்க்கலாம்? பங்குனியில பறவை, தும்பி, தண்ணிப் பூச்சி

வணக்கம் மக்களே. மணி ஆறேகால், ஏரிக்கரை மேல நிக்கிறேன். பங்குனி பாதி தாண்டியாச்சு, தண்ணி நல்லா இறங்கிடுச்சு. பொங்கல் முடிஞ்சதும் பைனாகுலர எடுத்து உள்ள வைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, "ஏரியே காயுது, இனிமே என்னத்தப் பார்க்குறது"ன்னு. என்னைக் கேட்டா இப்பதான் ஆட்டமே ஆரம்பிக்குது.

ஏரி ததும்பி நிக்கிறப்ப வாத்தும் நாமக்கோழியும் நடுத்தண்ணியில மிதக்கும், ஓரத்துல பெருசா ஒண்ணும் இருக்காது. தண்ணி இறங்க இறங்கத்தான் சேறு வெளிய வரும். அந்தச் சேத்துல புழு, நத்தை, பூச்சிகளோட இளம்பருவம் எல்லாம் இருக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பட்டை சேறு திறக்குது, நேத்தைய பட்டை காய்ஞ்சு கெட்டியாயிடுது. அதனால இன்னைக்கு முழுக்க நாம பார்க்கப்போறது ஏரிய இல்ல, தண்ணியும் தரையும் சேர்ற அந்த விளிம்ப.

முதல்ல எங்க நிக்கணும்னு பார்த்துடலாம். நம்ம சமவெளியில நிலம் மேற்கேருந்து கிழக்கா சரியுது. அதனால பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். மதகும் ஆழமும் கரையோரம், மேற்கால உள்வாய்ப் பக்கம் போகப்போக ஆழம் குறையும். பறவை பார்க்குறவனுக்கு இது பெரிய வசதி. காலையில கரையில நின்னு மேற்க பார்த்தா சூரியன் முதுகுப் பக்கம், பறவையோட நிறமெல்லாம் தெளிவாத் தெரியும். சாயங்காலம் அதே இடத்துல நின்னா எல்லாம் கறுப்பு உருவம்தான். சாயங்காலம்தான் வர முடியும்னா உள்வாய்ப் பக்கம் போயிடுங்க, ஆனா சேத்துல இறங்காதீங்க. வண்டல் அள்ளின பள்ளங்கள் மேல லேசா ஒரு படலம் காய்ஞ்சு தரை மாதிரியே இருக்கும், கால் வெச்சா இடுப்பு வரைக்கும் போகும். ஒரு குச்சி வெச்சுக் குத்திப் பார்த்துட்டு நடங்க. கரைச் சரிவுல புதர் இருந்தா அதே குச்சியால தட்டிட்டுப் போங்க, பாம்பு விலகிப் போயிடும்.

இன்னொண்ணு. கரை உச்சியில நிக்காதீங்க. உச்சியில நின்னா வானத்துக்கு எதிர்ல உங்க உருவம் முழுசாத் தெரியும், அரை கிலோமீட்டர்ல இருக்கிற பறவைகூட எழும்பும். நாலு அடி சரிவுல இறங்கி, காட்டாமணக்குப் புதர் ஓரமா உட்காருங்க. இருபது நிமிஷம் அசையாம இருந்தா, விலகிப் போனதெல்லாம் தானா திரும்பி வரும். நடந்துகிட்டே இருக்கிறவருக்கு முதுகுதான் தெரியும்.

பைனாகுலர். எட்டுக்கு நாப்பத்திரெண்டு போதும், அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு வாங்கினா கை நடுக்கமும் சேர்ந்து பெருசாகும். விடியற்கால வெளிச்சத்துக்கும் எட்டுதான் நல்லது. 42ஐ எட்டால வகுத்தா ஐந்தேகால் மில்லிமீட்டர் வெளிச்ச வட்டம் கண்ணுக்கு வரும், பத்தால வகுத்தா நாலு சொச்சம்தான். வாங்கும்போது கிட்டத்துல எவ்வளவு தூரம் வரைக்கும் ஃபோகஸ் ஆகும்னு பாருங்க. ரெண்டு மீட்டர்னா தும்பி பார்க்கவும் அதே பைனாகுலர் போதும்.

நிறைய பேருக்குப் படம் மங்கலாத் தெரியறதுக்குக் காரணம் லென்ஸ் இல்ல, வலது கண்ணுக்கான வளையத்தை செட் பண்ணாததுதான். வலது லென்ஸ மூடிக்கிட்டு, இடது கண்ணால தூரத்துல ஒரு பனை ஓலையப் பாருங்க, நடுச் சக்கரத்தத் திருப்பித் தெளிவாக்குங்க. இப்ப இடது லென்ஸ மூடுங்க. நடுச் சக்கரத்தத் தொடாம, வலது கண் பக்கம் இருக்கிற சின்ன வளையத்த மட்டும் திருப்பி அதே ஓலையத் தெளிவாக்குங்க. அவ்வளவுதான். அந்த இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, பைக்குள்ள போட்டு எடுக்கும்போது அது நகரும். கண்ணாடி போடுறவங்க ரப்பர் குழாய உள்ள திருகி வெச்சுக்கோங்க, இல்லன்னா நடுவுல சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும்.

சரி, விளிம்புக்கு வருவோம். கேமராவத் திருப்புறேன். அங்க பாருங்க, கால் நீளத்தை வெச்சே யார் எங்க நிப்பாங்கன்னு சொல்லிடலாம். முழங்கால் ஆழத்துல சிவப்புக் கால் நெடுசா நிக்குதே, நெடுங்கால் உள்ளான். அதைவிடக் கொஞ்சம் கரைப் பக்கமா, நீள மூக்க அடிவரைக்கும் சேத்துல குத்திக்கிட்டு இருக்கிறது கருவால் மூக்கன். விளிம்புல கணுக்கால் தண்ணியில பொறி உள்ளான். தண்ணியே இல்லாத ஈரச் சேத்துல கொசு உள்ளான், ஒரு கைக்குள்ள அடங்குற அளவு, நிக்கவே நிக்காது. அதுக்கும் மேல, காஞ்ச பகுதியில பட்டாணி உப்புக்கொத்தி. அதோட நடையக் கவனிங்க. ஓடும், சடார்னு நிக்கும், குனிஞ்சு ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால பார்த்து இரை எடுக்குற பறவை அது. உள்ளான் மூக்கால தடவிப் பார்த்து எடுக்கும், அதனால தலை குனிஞ்சே இருக்கும். இருநூறு மீட்டர் தூரத்துல நிறம் தெரியாதப்ப இந்த நடைய வெச்சே ரெண்டையும் பிரிச்சிடலாம். கிட்டத்துல வந்தா கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம் பாருங்க, பட்டாணி உப்புக்கொத்திதான், சந்தேகமே வேண்டாம்.

இந்த மாசத்துல ஆரம்பக்காரங்க திணறுறது எங்கன்னா, பல பறவைகள் சட்டைய மாத்திக்கிட்டு இருக்கும். மடையான் குளிர்காலம் முழுக்க மண் நிறத்துல கோடு கோடா இருக்கும், இப்ப முதுகு கருஞ்சிவப்பா மாறுது. உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் காவி நிறம். மீசை ஆலா இருக்கே, அது வெள்ளை வயித்தோட பறந்துகிட்டு இருந்தது. இப்ப வயிறு கருஞ்சாம்பல், தலையில கறுப்புத் தொப்பி, கன்னம் மட்டும் வெள்ளை, மூக்கு சிவப்பு. இது வேற பறவைன்னு நினைச்சு வேற பேர்ல எழுதிடுறாங்க. பாதி மாறினது திட்டுத்திட்டா இருக்கும், அது நோயில்ல. மஞ்சள் வாலாட்டியும் கிளம்புறதுக்கு முன்னாடிதான் நல்ல மஞ்சளாகும். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் இப்பதான் பளிச்சுன்னு இருக்கும். வலசை வந்ததெல்லாம் புதுச் சட்டையோட கிளம்பிடும், அதனால இந்த ரெண்டு மூணு வாரம்தான் அதை இங்க பார்க்க முடியும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், கொஞ்சம் மெதுவாச் சொல்றேன். வலசைப் பறவை கிளம்புற இதே நேரத்துல நம்மூர்ப் பறவைகள் முட்டை வைக்குது, அதுவும் நாம நடக்குற தரையிலேயே. ஆள்காட்டி கூடு கட்டாது. சரளைக்கல்லுக்கு நடுவுல ஒரு சின்னக் குழி, அதுல பெரும்பாலும் நாலு முட்டை, கூர்மையான முனையெல்லாம் நடுவப் பார்த்து இருக்கும். மண் நிறம், மேல கறுப்புத் திட்டு. ரெண்டடி பக்கத்துல நின்னாலும் தெரியாது. ஆள்காட்டி தலைக்கு மேல கத்திக்கிட்டே வட்டம் அடிச்சா, பாய்ஞ்சு பாய்ஞ்சு வந்தா, நீங்க கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். தேடாதீங்க. வந்த அடித்தடத்துலயே திரும்பிப் போங்க, பக்கவாட்டுல விலகினா மிதிச்சிடுவீங்க.

"அஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்தா என்ன ஆயிடும்"னு கேப்பாங்க. இந்த வெயில்ல ஆள்காட்டி முட்டைய அடை காக்குறது சூடு குடுக்க மட்டும் இல்ல, நிழல் குடுக்கவும்தான். தண்ணிக்குப் போய் வயித்து இறகை நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல உட்காரும். பதினொரு மணி வெயில்ல நீங்க அதை விரட்டி வெச்சா முட்டை வெந்துடும். காக்காவும் உங்களத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும், நீங்க குனியிற இடத்தைக் குறிச்சுக்கும். கூட்டோட இடத்தை வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க.

மணி எட்டே முக்கால் ஆச்சு. தூரத்துப் பறவையெல்லாம் நெளியுது பாருங்க, கானல் ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு மேல எவ்வளவு நல்ல லென்ஸ் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. பைனாகுலர காலடிக்குத் திருப்புங்க, பூச்சி நேரம் வந்தாச்சு. தும்பிக்கு உடம்பு சூடாகணும், அதனால ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நல்ல நேரம்.

தும்பியா, ஊசித்தும்பியான்னு பிரிக்கிறது சுலபம். உட்காரும்போது சிறகை விரிச்சு வெச்சா தும்பி, பெரும்பாலும் முதுகு மேல சேர்த்து மடிச்சா ஊசித்தும்பி. சில ஊசித்தும்பிகள் பாதி விரிச்சு உட்கார்ந்து ஏமாத்தும். அப்ப கண்ணைப் பாருங்க, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருந்தா ஊசித்தும்பிதான். இதோ இந்தக் கோரை நுனியில ரத்தச் சிவப்பா, கண்ணு உள்பட சிவப்பா இருக்கிறது ஒரு ஆண். இதோட பெண் மஞ்சளா இருக்கும், வேற இனம்னு எழுதிடாதீங்க. வால் நேரா வானத்தப் பார்த்து நிக்குது, கவனிச்சீங்களா? உச்சி வெயில்ல உடம்புல படுற வெயிலக் குறைக்கத்தான் அப்படி. அந்தப் பக்கம் பச்சையும் கறுப்புமா இருக்கிறது சின்னத் தும்பிகளையே பிடிச்சுத் தின்னும். நிக்காம ஆளுயரத்துல பறந்துகிட்டே இருக்கிற பொன் மஞ்சள் நிறத் தும்பி தேசாந்திரி. அது உட்கார்றது அபூர்வம், உட்கார்ந்தாலும் கிளையில தொங்கும்.

படம் எடுக்குறவங்க மேலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல மார்புக் கோடு தெரியற மாதிரி ஒண்ணு, வால் நுனி ஒண்ணுன்னு மூணு எடுங்க. சிறகு அழகா இருக்குன்னு அதை மட்டும் எடுத்தா அப்புறம் பேர் சொல்ல முடியாது. உங்க நிழல் அது மேல விழுந்தா பறந்துடும், சூரியன எந்தப் பக்கம் வெச்சு நெருங்குறீங்கன்னு பார்த்துக்கோங்க. வெள்ளைக் கொக்கு எடுக்கும்போது மட்டும் எக்ஸ்போஷர முக்கால் ஸ்டாப் குறைச்சுக்கோங்க, இல்லன்னா இறகெல்லாம் ஒரே வெள்ளையாப் போயிடும்.

கரையில நிறுத்தியிருக்கிற கார் பானெட்டுல ஒரு தும்பி வால் நுனியத் தட்டித்தட்டிப் போகுதே, முட்டை போடுது. பளபளப்பான தளத்துல படுற வெளிச்சம் தண்ணியில படுற மாதிரியே அதுக்குத் தெரியும். பாவம், எல்லாம் வீண். வண்டிய மரத்தடியில நிறுத்துங்க.

இங்க வாங்க, இந்தச் சம்புத் தண்டுல ஒட்டியிருக்கிறத கிட்டக் காட்டுறேன். காஞ்ச பூச்சி இல்ல இது, தும்பியோட சட்டை. தண்ணிக்குள்ள வளர்ந்த இளம்பூச்சி ராத்திரி தண்டுல ஏறி, முதுகப் பிளந்து தும்பியா வெளிய வந்திருக்கு. முதுகுப் பிளவுல வெள்ளையா நூல் மாதிரி தொங்குது பாருங்க, அது மூச்சுக் குழாயோட உள்தோல், அதுவும் சேர்ந்தே உரிஞ்சு வரும். பறக்குற தும்பி எங்கேயிருந்தும் வந்திருக்கலாம். ஆனா சட்டை கிடைச்சா அது இந்த ஏரியிலதான் வளர்ந்ததுன்னு உறுதி. பக்கத்துல சிறகு கண்ணாடி மாதிரி மினுங்குற வெளிறின தும்பி இருந்தா தொடாதீங்க, சிறகு இன்னும் காயல, மடங்கினா நிமிராது.

கடைசியா தட்டு. வெள்ளை பிளாஸ்டிக் தட்டுல ரெண்டு சென்டிமீட்டர் தெளிஞ்ச தண்ணி, ஒரு பெரிய டீ வடிகட்டி. தண்ணிக்குள்ள இருக்கிற செடித் தண்டுகள ஒட்டி மூணு தடவை வடிகட்டிய வீசி, தட்டுல கவிழ்த்துங்க. அடிச் சேத்தக் கிளறாதீங்க, கலங்கினா ஒண்ணும் தெரியாது. ஒரு நிமிஷம் சும்மா இருங்க, எல்லாம் நகர ஆரம்பிக்கும். வால்ல மூணு இலை இருக்கா, ஊசித்தும்பிக் குஞ்சு. இலை இல்லாம தடிப்பா, பின்னால தண்ணியப் பீய்ச்சி முன்னால பாயுதா, தும்பிக் குஞ்சு. வால்ல மூணு மெல்லிய நூல், வயித்து ஓரத்துல செவுள் அசையுதுன்னா அது மே ஈயோட இளம்பூச்சி, தண்ணி ஓரளவு நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாம். சிவப்புப் புழு மட்டுமே வருதுன்னா தண்ணியில ஆக்சிஜன் குறைவு, அந்தப் புழுவுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் இருக்கிறதால சமாளிக்குது.

இதோ இந்தத் தட்டையான பழுப்புப் பூச்சி, முதுகு பூரா முட்டை. இது அப்பா. பெண் வந்து ஆணோட முதுகுல முட்டைய ஒட்டிட்டுப் போயிடும், பொரியிற வரைக்கும் இதுதான் சுமக்கும். விரலால தொடாதீங்க, நல்லாக் கடிக்கும். ஸ்பூன்ல எடுங்க. தட்ட நிழல்ல வைங்க, வெயில்ல அந்த ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி சீக்கிரமே சுட்டுடும். பார்த்ததும் எடுத்த இடத்துலயே ஊத்திடுங்க. இன்னொரு ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி தட்டு, வடிகட்டி, செருப்பு எல்லாம் வெயில்ல நல்லாக் காயணும். ஆகாயத்தாமரைத் துண்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போனாப் போதும், அந்த ஏரியும் மூடிடும்.

குறிப்பு எழுதும்போது மதகுப் படியில எத்தனை வெளிய தெரியுதுன்னு எழுதுங்க. தண்ணி மட்டம் இல்லாத பறவை எண்ணிக்கைய அடுத்த வருஷம் ஒப்பிடவே முடியாது. கொசு உள்ளான் கூட்டத்த ஒவ்வொண்ணா எண்ண முடியாது. பத்து எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு கண்ணால பிடிச்சுக்கோங்க, அந்த அளவு எத்தனை தடவை வருதுன்னு பாருங்க. பறவைப் பட்டியல் பதியுற ஈ-பேர்ட் தளத்துல போடுறவங்க ஒண்ணு கவனிங்க. பட்டியல எட்டே முக்காலுக்கு, பூச்சிக்குக் குனியிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. பன்னெண்டு வரைக்கும் ஓடவிட்டா, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பறவை தேடினதாப் பதிவாகும், தேடினது ரெண்டரை மணி நேரம்தானே. நடுவுல தட்டுக்கு மேல ஏதாவது பறந்துச்சுன்னா அதைத் தனியா, தற்செயல் குறிப்பாப் போடுங்க.