நாடாளுமன்றம் பூட்டியிருந்த வாரத்துக் கடிதங்கள்

வணக்கம். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

ஓர் அவசரத் தடை ஆணைக்காக அரசுக்குள் ஓடிய கடிதங்களை ஊர் எப்போது பார்க்கும் என்பதுதான் இன்றைய பேச்சு. 2024 மே 22. லண்டனில் கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் நின்றுகொண்டு பிரதமர் ரிஷி சுனக் தேர்தலை அறிவித்தார். கோட்டு நனைந்து தோளோடு ஒட்டிக்கொண்ட அந்தக் காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 24ஆம் தேதி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. 30ஆம் தேதி நாடாளுமன்றமே கலைந்தது. கலைவதற்கு முந்தின நாள், 29ஆம் தேதி, சுகாதார அமைச்சர் விக்டோரியா அட்கின்ஸ் ஓர் அவசர ஆணை பிறப்பித்தார். பாலின அடையாளச் சிக்கலுக்காக (பிறந்தபோது குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலை), பூப்படைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைத் தனியார் மருத்துவர்களும் ஐரோப்பிய மருத்துவர்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புதிதாக எழுதித்தரக் கூடாது. ஜூன் 3 முதல் மூன்று மாதத்துக்குத் தடை.

அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகத் தருவதை மார்ச் மாதமே நிறுத்திவிட்டார்கள். அதே மருந்து ஆறேழு வயதிலேயே பூப்பின் அறிகுறி தெரியும் குழந்தைக்கும், புராஸ்டேட் புற்றுநோய் வந்த தாத்தாவுக்கும் முன்போலவே கிடைக்கும். தடை ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும்தான்.

அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. நான் மருத்துவன் இல்லை. இந்தச் சிகிச்சையை ஆராய அமர்த்தப்பட்ட குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் அம்மையார் 2024 ஏப்ரலில் கொடுத்த அறிக்கை, இந்தச் சிகிச்சைக்கான சான்றுகள் பலவீனமானவை என்றது. அதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். தடையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஜூலை 29 அன்று நீதிபதி லாங் ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டார். சரி, செல்லும். ஆனால் சட்டப்படி செல்லும் என்பது வேறு, என்ன பேசி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஊருக்குத் தெரிவது வேறு.

ஆணை பிறந்தது 1968ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 62ஆம் பிரிவில். அந்தப் பிரிவில் தடை போடுவதற்கு முன்னால் நிபுணர் குழுவைக் கேட்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் அதைத் தாண்டலாம். தாண்டினால் ஆயுள் மூன்று மாதம். இங்கே தாண்டினார்கள். கருத்துக் கேட்டிருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு கோப்பாவது மிஞ்சியிருக்கும். கேட்கவில்லை. கேள்வி கேட்க அவையும் இல்லை. மிஞ்சுவது உள்ளே ஓடிய கடிதங்களும் மின்னஞ்சல்களும்தான். ‘அவசரம்’ என்ற சொல்லை முதலில் எழுதியது யார்? பொறுங்கள் என்று எந்த அதிகாரியாவது ஒரு வரி எழுதினாரா?

அவற்றைக் கேட்டுப் பெற வழி பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம். அது 2000இல் இயற்றப்பட்டு 2005 ஜனவரி 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. நம் தகவல் உரிமைச் சட்டமும் அதே 2005, அக்டோபரில். பிரிட்டன் சட்டத்தைக் கொண்டுவந்த அப்போதைய பிரதமர் டோனி பிளேர் பிற்பாடு, இப்படியொரு சட்டத்தைப் போட்டேனே, நான் ஒரு முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆள்கிறவர் ஒருவர் அப்படி வருத்தப்பட்டால் சட்டம் ஏதோ வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சட்டப்படி கேட்டால் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும். ஆனால் 35ஆம் பிரிவு, கொள்கை உருவாக்கம், தர முடியாது. 36ஆம் பிரிவு, அதிகாரிகள் மனம்விட்டுப் பேசுவது கெட்டுவிடும், தர முடியாது. 42ஆம் பிரிவு, வழக்கறிஞர் ஆலோசனை, தர முடியாது. தந்தாலும் எப்படித் தருவார்கள்? மேலே தேதி இருக்கும், ‘அன்புள்ள’ இருக்கும், அப்புறம் பக்கம் முழுக்கக் கறுப்புப் பட்டை, கடைசியில் ‘நன்றி’ இருக்கும்.

மனம்விட்டுப் பேச இடம் வேண்டும் என்ற வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கும்போது வேண்டும்தான். ஆணை வெளிவந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருக்கிறோம் என்றால் எப்படி? முடிவு அறிவிக்கப்பட்டதும் இந்தக் காரணத்தின் வலு குறைகிறது என்று அங்கே முறையீடுகளை விசாரிக்கும் தகவல் ஆணையரும் தீர்ப்பாயமும் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேர மாதங்கள் ஆகும். மூன்று மாத ஆணை அதற்குள் காலாவதியாகி, அடுத்த ஆணை வந்திருக்கும். வந்தும்விட்டது. ஆட்சி மாறி வெஸ் ஸ்ட்ரீட்டிங் சுகாதார அமைச்சரான பிறகும் தடையை நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை. 2005இல் கார்டியன் பத்திரிகையாளர் ஒருவர், இளவரசர் சார்லஸ் அமைச்சகங்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைக் கேட்டார். மொத்தம் 27 கடிதங்கள். 2012இல் தீர்ப்பாயம் கொடுங்கள் என்றது. அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் மறுப்பாணை போட்டுத் தடுத்தார். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. மே மாதம் கடிதங்கள் வெளியே வந்தன. பத்து வருஷம்! உள்ளே என்ன? ராணுவ ஹெலிகாப்டர், மூலிகை மருந்துக் கட்டுப்பாடு, படகோனியா கடலின் பல்மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள் என்ற கவலை. ஒரு மீனுக்காகவா இவ்வளவு பூட்டு என்று நான் சிரித்தேன். சிரிப்பு நிலைக்கவில்லை, ஏனென்றால் வழக்கு ஓடும்போதே, 2010இல், மன்னர், அவர் வாரிசு ஆகியோரின் கடிதங்களுக்கு முழு விலக்குத் தந்து சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் காகிதம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைப் பாருங்கள். 2025 ஜனவரி 28 அன்று அங்கேயும் அரசு மருத்துவமனைகளில் புதிய நோயாளிகளுக்கு இந்த மருந்தை நிறுத்தினார்கள். சட்டப்படி மருத்துவ நிர்வாகத் தலைவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். கலந்தார்கள், இணையவழிக் கூட்டத்தில், 22 நிமிடம். அந்த நேரத்தில் அமைச்சர் செய்தியாளர்களிடம் முடிவை அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் வழக்குப் போட்டார். அக்டோபர் 28 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அன்றைக்கே அமைச்சர் புதிய ஆணை போட்டார் என்பது வேறு கதை. ஆனால் அந்த 22 நிமிடம் வெளியே வந்துவிட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 11 அன்று ஸ்ட்ரீட்டிங் தடையைக் காலவரையின்றி நீட்டித்தபோது, மருந்துகள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் மனித மருந்துகள் ஆணையத்தின் அறிவுரையையும் சேர்த்து வெளியிட்டார். படித்து உடன்படலாம், சண்டை போடலாம். மே மாதத்திலும் இப்படிச் செய்திருந்தால் நான் இன்று வேறு தலைப்பில் பேசியிருப்பேன்.

மறுபரிசீலனை 2027இல் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கான கடிதங்களில் சிலவற்றை இந்நேரம் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.