ஆறு மணி நேர ராணுவச் சட்டம், அதற்கொரு பதவி நீக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி வாக்கில் தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டில் ராணுவச் சட்டம் அமலுக்கு வருவதாக அறிவித்தார். எதிர்க்கட்சிகள் அரசை முடக்கிவிட்டன, தேசவிரோத சக்திகளை ஒழிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். 11 மணி முதல் அமலாகும் என்று ராணுவத்தின் முதல் ஆணை வந்தது. நாடாளுமன்றமும் கட்சிகளும் இயங்கக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, செய்தி நிறுவனங்கள் எல்லாம் ராணுவத்தின் பிடியில். வேலையை விட்டு வெளியேறியிருந்த பயிற்சி மருத்துவர்கள்கூட 48 மணி நேரத்துக்குள் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையில் இருந்தது.

அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 77ஆம் பிரிவு அதிபருக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. போர் அல்லது அதற்கு நிகரான நெருக்கடி இருந்தால் மட்டும். அப்போதும் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினர் விலக்கச் சொன்னால் அதிபர் விலக்கியே தீர வேண்டும். ஆக, அன்றிரவு நாடாளுமன்றத்தைக் கூடவிடாமல் செய்துவிட்டால், அதிபரைத் தட்டிக்கேட்க ஆளே இல்லை. சியோலில் நாடாளுமன்ற வளாகத்துக்கு ஹெலிகாப்டரில் துருப்புகள் போனது ஏன் என்பது இதிலிருந்தே புரியும்.

அவைத் தலைவர் ஊ வொன் ஷிக், அறுபதைக் கடந்தவர், வளாகத்தின் வேலியில் ஏறிக் குதித்து உள்ளே போனார். கட்டடத்தின் ஜன்னலை உடைத்துக்கொண்டு சிப்பாய்கள் நுழைய, ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் குவித்து வழியை அடைத்தார்கள். தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சினார்கள். உள்ளே உறுப்பினர்கள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று பதறுகிறார்கள். அவைத் தலைவரோ, தீர்மானம் முறைப்படி பதிவாகட்டும், நடைமுறையில் குறை இருக்கக் கூடாது என்று பொறுமை காத்தார். இந்தச் செய்தியைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்துவிட்டது. சட்டத்தை மீறியவரைச் சட்டப்படியே தடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. இரவு ஒரு மணிக்கு வாக்கெடுப்பு. அவையில் இருந்த 190 பேரும் ஆதரித்தார்கள். அவர்களில் 18 பேர் ஆளுங்கட்சியினர். விடிகாலை நாலரை மணி அளவில் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது.

சரி, அதுதான் முடிந்துவிட்டதே, யாரும் சாகவில்லை, பிறகு எதற்குப் பதவி நீக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. யூன் தரப்பின் வாதமும் அதுதான். அது வெறும் எச்சரிக்கை, நாடாளுமன்றம் சொன்னதும் விலக்கிக்கொண்டேன் என்றார். இந்த வாதத்தை ஏற்கவே முடியாது என்று நான் நினைக்கிறேன். அன்றிரவு ரத்தம் சிந்தாததற்கு அதிபர் காரணம் இல்லை. கடுங்குளிரில் ஓடிவந்து வாசலை மறித்த மக்கள் ஒரு காரணம். கட்டளையை அரைமனதோடு நிறைவேற்றிய சிப்பாய்கள் இன்னொரு காரணம். அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமும் தீர்ப்பில் இதையே சொன்னது. 1980இல் குவாங்ஜு நகரில் ராணுவச் சட்டத்தின் பேரில் மக்களைச் சுட்டுக் கொன்றதை மறக்காத நாடு அது.

அடுத்த தேர்தலில் மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது இன்னொரு வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யூனின் பதவிக்காலம் முடிய 2027 மே வரை ஆகும். அதைவிட முக்கியமானது, அன்றிரவு துருப்புகள் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பப்பட்டன. தேர்தல் ஆணையத்துக்குள்ளேயே சிப்பாயை அனுப்பியவரைத் தேர்தல் பார்த்துக்கொள்ளும் என்று எப்படி விட முடியும்? விட்டிருந்தால், போரே இல்லாதபோதும் ராணுவத்தை ஏவலாம், பலிக்காவிட்டால் நஷ்டமில்லை என்பது வழக்கமாகியிருக்கும். அடுத்து வருபவருக்கும் அது முன்னுதாரணம்.

பதவி நீக்கம் அங்கே எளிதாக நடந்துவிடவில்லை. 300 உறுப்பினர்களில் 200 பேர் வேண்டும். டிசம்பர் 7ஆம் தேதி ஆளுங்கட்சியினர் மூவரைத் தவிர வாக்களிக்கவே மறுத்ததால் 195 பேர்தான் வாக்களித்தார்கள், தீர்மானம் விழுந்தது. அப்புறம் ஒரு வாரம், மக்கள் நாடாளுமன்றத்தின் முன்னால் திரண்டபடியே இருந்தார்கள். இளம்பெண்கள், பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் வண்ண விளக்குக் கோல்களோடு. நேரில் வர முடியாதவர்கள் அருகில் உள்ள கடைகளுக்குப் பணம் கட்டி, போராட வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார்கள். 14ஆம் தேதி 204 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேறியது. அதோடு அதிபரின் அதிகாரம் நிறுத்திவைக்கப்படும், நீக்குவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு அரசியல் சட்ட நீதிமன்றத்தின் கையில்.

பதவி நீக்கம் என்ற இந்த ஆயுதத்தை அரசியல் பகைக்குப் பயன்படுத்தும் ஆபத்தும் இருக்கிறது. தென் கொரியா அதையும் பார்த்த நாடுதான். 2004இல் அதிபர் ரோ மூ ஹ்யுன் தேர்தலில் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசினார் என்று எதிர்க்கட்சிகள் அவர்மீது பதவி நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றின. அடுத்த மாதமே நடந்த பொதுத் தேர்தலில் மக்கள் அவருடைய ஆதரவுக் கட்சிக்குப் பெரும்பான்மை கொடுத்தார்கள். மே மாதம் நீதிமன்றமும், விதிமீறல் உண்டு, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவு இல்லை என்று அவரை மீண்டும் அமர்த்தியது. தவறின் கனத்தை அளந்து பார்க்கும் அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே அளவுகோல்தான் 2025 ஏப்ரல் 4ஆம் தேதி யூனுக்கும். எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். எதிர்க்கட்சியின் பெரும்பான்மை தாங்க முடியாத தொல்லை என்று அதிபர் நினைத்திருக்கலாம், ஆனால் அதை அரசியல் வழியில்தான் தீர்த்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நாடாளுமன்றமும் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பையும் அது விடவில்லை.

ஜூன் 3 தேர்தலில் லீ ஜே மியுங் அதிபரானார். ராணுவச் சட்ட இரவில் எதிர்க்கட்சித் தலைவராக அவரும் வேலி ஏறி உள்ளே போனவர். பதவி நீக்கம் பற்றிய அதே 65ஆம் பிரிவு, அதே 200 வாக்குகள், அதே நீதிமன்றம் எல்லாம் இப்போது அவருக்கும் பொருந்தும்.

நன்றி, வணக்கம்.