பங்க் பாடகர் பாடாமல் பேசினால் கேட்க முடியுமா? – உங்கள் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி அமெரிக்காவில் இருக்கும் ஒரு நண்பரிடமிருந்து. "கூட வேலை செய்பவர் ஹென்றி ராலின்ஸின் பேச்சு நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார். எனக்கு பங்க் இசை தெரியாது. பாட்டே இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியுமா? ஒன்றிரண்டு பாட்டாவது பாடுவாரா?" என்று கேட்டிருக்கிறார்.

பாட மாட்டார். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இனிப் பாடலாக எழுதத் தன்னிடம் எதுவும் இல்லை என்று இசையை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் தாராளமாகப் போகலாம். பங்க் என்பது வேகமும் ஆவேசமுமாக வருகிற ஒரு வகை ராக் இசை, அது தெரியாதது ஒரு குறையே இல்லை.

ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1961இல் வாஷிங்டனில் பிறந்தவர். அங்கே ஐஸ்கிரீம் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1981இல் நியூயார்க்கில் பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழுவின் நிகழ்ச்சி பார்க்கப் போனவர், மேடையில் ஏறி ஒரு பாட்டுப் பாடினார். கொஞ்ச நாளில் அந்தக் குழுவுக்கே பாடகராகிவிட்டார். அந்தக் காலத்துக் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. பாடுகிறவர் மேல் துப்புவார்கள், அடிப்பார்கள், சிகரெட்டால் சுடுவார்கள். அதையெல்லாம் தாங்கி நின்றவருக்கு, அமைதியாக உட்கார்ந்து கேட்கிற சபையைப் பார்த்து என்ன பயம் வரப்போகிறது?

பேச்சுக்கு வந்ததும் தற்செயல்தான். 1983 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹார்வி குபெர்னிக் என்பவர் பல பேரை மேடையேற்றி ஆளுக்குச் சில நிமிடம் பேசவைத்தார். ராலின்ஸும் ஏறினார். பிளாக் ஃபிளாக் 1986இல் கலைந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. சுற்றுப்பயண நாட்களைப் பற்றிய தன் நாட்குறிப்பைத் தானே வாசித்த ஒலிப்பதிவுக்கு 1995இல் கிராமி விருதும் வாங்கினார். பங்க்குக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பங்க் பாடகி பாட்டி ஸ்மித் (Patti Smith) 1971இல் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசித்தபோது லென்னி கே என்பவர் பக்கத்தில் கிட்டார் வாசித்தார். ஸ்மித் பேச்சிலிருந்து பாட்டுக்குப் போனவர், ராலின்ஸ் பாட்டிலிருந்து பேச்சுக்கு வந்தவர், அவ்வளவுதான்.

சரி, மேடையில் என்ன நடக்கும்? கருப்பு உடையில் வருவார். மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொள்வார், காலை அகட்டி ஊன்றுவார், ஆரம்பித்துவிடுவார். கையில் குறிப்புத் தாள் கிடையாது. இடைவேளை கிடையாது. தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்துவது அபூர்வம். ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இன்னொன்று கிளம்பும், அதற்குள் மூன்றாவது. தொலைந்துவிட்டார் என்று நாம் நினைக்கிற நேரத்தில் முதல் கதையின் முடிச்சை எடுத்துக் கையில் வைப்பார். பட்டிமன்ற நடுவருடைய தொகுப்புரையை நேரம் பார்க்காமல் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம், இது பழகிவிடும். நகைச்சுவை நிறைய உண்டு. ஆனால் வெறும் சிரிப்பு நிகழ்ச்சி இல்லை. 1991இல் இருவரையும் வழிமறித்த கொள்ளையர்கள் சுட்டு இறந்த நண்பர் ஜோ கோலைப் பற்றிப் பேசியிருக்கிறார். இராக் போரை எதிர்த்தவர், ஆனாலும் அங்கே போய் ராணுவ வீரர்களைச் சந்தித்துப் பேசினார். என் கணக்கில் அவருடைய பயணக் கதைகள்தான் உச்சம். அரசியல் பேசும்போது மட்டும் சில இடங்களில் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும்.

ஒரே சிரமம் வேகம். ஆங்கிலம் மூச்சு விடாமல் வரும், அமெரிக்கத் தொலைக்காட்சி, பழைய இசைக்குழுக்கள் எல்லாம் போகிறபோக்கில் வந்து விழும். முந்தைய நாள் பழைய பேச்சு ஒன்றை அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள், காது பழகிவிடும். அரங்குக்கு நேரத்தோடு போய்விடுங்கள். முன்னால் பாட இன்னொரு குழு இருக்கும், மெதுவாகப் போகலாம் என்ற கணக்கு இங்கே பொதுவாக ஆகாது. கழிவறைக்கும் முன்னாடியே போய்விட்டு உட்காருங்கள். அப்புறம், பின்வரிசையிலிருந்து யாராவது பழைய பாட்டின் பெயரைக் கத்தினால், நீங்களும் சேர்ந்து கத்தாதீர்கள்.